சூரியனில் ஒரு கம்பி குறைகிறது

'உங்கள் வேலையைப் பார்த்து இன்ஸ்பயர் ஆனேன்' என்று யாராவது சொன்னால் என் கை தானாகப் பையின் ஜிப்பைத் தடவிப் பார்க்கும். எங்கள் தொழிலில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் அதுதான். நான் புத்தக அட்டை வடிவமைக்கிறவள். ஒரு அட்டையைச் செய்து முடித்து, அது கடைக்கு வந்து நாலு பேர் கையில் புரண்ட பிறகு, அதே நிறத்தில், அதே எழுத்தில், அதே மூலையில் உட்கார்ந்த அதே காக்கையோடு வேறொரு புத்தகம் வரும். கேட்டால் இன்ஸ்பிரேஷன் என்பார்கள்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். எங்கள் வீட்டில் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எல்லாப் புடவையையும் புகழ்கிறவர் எதையும் வாங்க மாட்டார், எடுத்ததும் குறை சொல்கிறவர்தான் வாங்கிக்கொண்டு போவார் என்பதெல்லாம் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே எனக்குத் தெரியும். பாராட்டுகிறவர்களை நம்பாதே என்று யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்தே தெரிந்துகொண்டேன்.

இவ்வளவு உஷாரானவளுக்கும் ஒரு சபலம் உண்டு. காலையில் மந்தைவெளி வீட்டிலிருந்து கிளம்பி, அபிராமபுரம் தெருக்களைச் சுற்றிக்கொண்டு லஸ் வரை நடப்பேன். தினமும் ஒரு படமாவது எடுப்பேன். கோபுரத்தை எடுப்பதில்லை, அதற்கு வெளியூர்க்காரர்கள் இருக்கிறார்கள். ஏதாவது பழைய வீட்டின் மொசைக் தரை, தையற்கடைப் பலகையில் யாரோ கையால் எழுதிய ஒரு 'ழ', நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் புத்தகங்கள், கோலத்தின் மேல் பதிந்த சைக்கிள் தடம். இவற்றை நான் எங்கும் போட்டதில்லை. போட்டால் மறுநாளே யாராவது இன்ஸ்பயர் ஆகிவிடுவார்கள். போனிலேயே வைத்துக்கொண்டு, அட்டை வேலை வரும்போது புரட்டிப் பார்ப்பேன். என் மொத்தச் சரக்கும் அதுதான்.

அதனால்தான் ஒருநாள் இன்ஸ்டாகிராமில் என் மொசைக் தரையைப் பார்த்ததும் என் போனில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கல்லூரி நாளிலிருந்து கூட இருக்கும் தோழி ஒருத்தி, அவளும் டிசைனர்தான், 'உன் டேஸ்ட்டுக்கு ஏத்த பக்கம்' என்று அனுப்பியிருந்தாள். 'சும்மா பார்த்தது' என்று பக்கத்துக்குப் பெயர். ஆளின் பெயரும் இல்லை, முகமும் இல்லை. அதே தரை, அதே கோணம், ஓரத்தில் என் செருப்பு நுனி உட்பட. கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தது: 'வழுக்கும். பார்த்து நட.'

பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். அத்தனையும் என்னுடையவை. புத்தகக் கடைப் படத்துக்குக் கீழே, 'இத்தனை வாங்கி எங்கே வைப்பது?' டீக்கடைக் கண்ணாடி டம்ளருக்குக் கீழே, 'வெளியில் கண்டதைக் குடிக்காதே.' மூடியிருந்த கடையின் ஷட்டருக்குக் கீழே, 'வெயிலில் நின்றாயா?' இந்த வரிகளுக்குத்தான் ஜனங்கள் மயங்கிக் கிடந்தார்கள். 'வழுக்கும்' என்பது நடுத்தர வர்க்கத்து வாழ்க்கையைப் பற்றிய குறியீடு என்று ஒருவர் மூன்று பத்தி எழுதியிருந்தார். இவ்வளவு சிக்கனமாகத் தமிழில் யாரும் எழுதுவதில்லை என்று இன்னொருவர் கைகூப்பியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் என்னுடையது, கைகூப்பு வேறு யாருக்கோ.

நானும் அந்தப் பக்கத்தைப் பின்தொடர ஆரம்பித்தேன், வேவு பார்க்கத்தான். புதிதாக ஒன்று வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மிகவும் எரிச்சலூட்டிய வரியைச் சிவப்பு வட்டத்துக்குள் அடைத்துச் சேமித்து வைத்தேன். நாளைக்கு ஆள் பிடிபட்டால் சாட்சி வேண்டும் அல்லவா? வினோதம் என்னவென்றால், நான் வட்டம் போடப் போட அந்த வரிகள் இன்னும் உரிமை எடுத்துக்கொண்டன. தி.நகர் கடைக் கண்ணாடிக்குள் தொங்கிய மாம்பழக் கலர் புடவைக்குக் கீழே, 'இது உனக்கு நன்றாக இருக்கும்' என்று வந்தது. எவனோ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், பார்த்துச் சிரிக்கிறான் என்று முடிவே செய்துவிட்டேன். நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பால் பூத் அருகே பேப்பர் படிக்கிறவர் மேல் சந்தேகம், நாயைக் கூட்டிக்கொண்டு வரும் பெண்மணி மேல் சந்தேகம்.

இதற்கு நடுவில்தான் அந்த அட்டை வேலை வந்தது. நான் பல வருடமாக ஏங்கிக்கொண்டிருந்த ஒரு பதிப்பகம், முதல் தடவையாக என்னைக் கூப்பிட்டு ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அட்டை கேட்டது. என்னிடம் ஒரு படம் இருந்தது. அபிராமபுரத்தில் ஒரு பழைய வீட்டின் இரும்பு கேட்டில் சூரியன் செய்து வைத்திருப்பார்கள். பாதி வட்டம், அதிலிருந்து கதிர்களாக விரியும் கம்பிகள். அதில் ஒரு கதிர் மட்டும் இல்லை. வெல்டிங் விட்டுப் போய் விழுந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியையே அட்டையின் மையமாக வைத்து, தலைப்பை அதற்குள் நிறுத்தினேன். என் கையிலிருந்து இவ்வளவு நல்ல அட்டை வந்ததில்லை. அனுப்பிவிட்டு, கெட்டிக்காரிதான் நீ என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

பதிப்பக ஆசிரியர் போன் செய்தார். மிகவும் மரியாதையான மனிதர், அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்தப் பக்கத்தை அவரும் பார்க்கிறவராம். நான் அட்டை அனுப்புவதற்கு முன்பே அந்த கேட் அங்கே வந்துவிட்டது, கீழே 'ஒரு கம்பி குறைகிறது' என்று எழுதியும் இருக்கிறது என்றார். படம் என் போனில் இருக்கிறது, நான்தான் எடுத்தேன் என்றேன். இணையத்திலிருந்து இறக்கினாலும் போனில்தானே இருக்கும் என்று மெதுவாகக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அந்தப் பக்கத்துக்காரர் இது உங்க படம்னு ஒரு வரி எழுதிட்டா போதும். அதுவரைக்கும் அட்டையை நிறுத்தி வைக்கிறோம்."

என்னைத் திருடி என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் மேடம் போட்டு. இந்த வட்டாரத்தில் பதிப்பகங்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். ஒருவர் நிறுத்தி வைத்தது தெரிந்தால் அடுத்தவர் கூப்பிடவே மாட்டார். போனை வைத்த பிறகு வந்த பயம் அதைவிடப் பெரியது. அந்தப் பக்கத்தில் கேட் வந்ததை நானும் பார்த்திருந்தேன், என் படம்தானே என்று பொருட்படுத்தவில்லை. குறைந்த கம்பியை நானே பார்த்தேனா, அல்லது அந்த வரியைப் படித்த பிறகு பார்த்தேனா? படம் எடுத்த காலையை எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சூரியன் நினைவிருந்தது, அந்த இடைவெளி நினைவில் இல்லை.

மறுநாள் அந்த வீட்டுக்கே போய், வேறு யாராவது வந்து கேட்டைப் படம் எடுத்தார்களா என்று வாட்ச்மேனிடம் விசாரித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதாம்மா டெய்லி வந்து எட்த்துக்கினு கீற. இன்னா மேட்டரு?"

ஆக, அந்தத் தெருவில் சந்தேகப்படத் தகுந்த ஆள் நான் ஒருத்திதான்.

படம் என் போனிலிருந்துதான் போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. போன் படங்கள் வந்து சேரும் என் மடிக்கணினியில் அடிக்கடி வேலை செய்கிறவள் யார்? தோழி. அந்தப் பக்கத்தை எனக்கே அனுப்பி வைத்தது யார்? அதுவும் அவள்தான். என் கணவர் கம்ப்யூட்டர் வேலைக்காரர், அவரிடம் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார் என்று நானே அந்தப் படக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினேன். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றவா என்று போன் கேட்டது. எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்று என்று அழுத்தினேன்.

மறுநாள் அந்தப் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மாட்டிக்கொண்டாயா என்று எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. தோழியைக் கூப்பிட்டு, சுற்றி வளைத்து, இணையத்தில் சிலர் திடீரென்று அமைதியாகிவிடுகிறார்களே, ஏன் என்று கேட்டேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், தனக்கு இருக்கிற வேலையில் ஊரார் வீட்டு கேட்டை வேறு திருட வேண்டுமா என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், ஆனால் போனை அவள்தான் முதலில் வைத்தாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து குட்மார்னிங்கூட வரவில்லை.

பக்கம் அமைதியாக இருந்ததில் எனக்கும் லாபமில்லை. திருடனே போய்விட்டால் எனக்குச் சாதகமாக ஒரு வரி யார் எழுதுவது? பதிப்பகத்திலிருந்து வேறொருவரிடம் அட்டை கேட்டிருப்பதாகக் காதில் விழுந்தது. அப்போதுதான், ஒரு சனிக்கிழமை காலை, புதிதாக ஒரு படம் வந்தது.

அது என்னுடையது அல்ல. மகா மோசமான படம். பாதிக்குமேல் கட்டைவிரல். மீதியில் ஒரு பால்கனி, கொடிக்கயிறு, அதில் காயும் போர்வை, அதற்குப் பின்னால் கொஞ்சம் கடல். கீழே ஒரே ஒரு வார்த்தை: 'கோவமா?'

ஜனங்கள் உருகினார்கள். கடலைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்றார் ஒருவர். நான் போர்வையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சையும் அரக்கும் கட்டம் போட்டது. எங்கள் கடையில் நெய்யச் சொல்லி வாங்கிய சரக்கு அது, கரையில் எங்கள் கடைக்கென்று ஒரு மஞ்சள் இழை ஓடும். துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தாலும் இழை தெரிந்தது. என் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் தீபாவளிக்கு நானே அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கொடுத்தது என் மாமியாரிடம்.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு வேறு, அவர்கள் வீடு வேறு. தலைமுறை தலைமுறையாக மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றியே இருந்தவர்கள். நானும் அவர் பிள்ளையும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்றபோது, எங்கள் பக்கத்தில் பெரிய ரகளை நடந்தது. அவர் 'சரி' என்று மட்டும் சொன்னார். அந்தச் சரியை நான் இத்தனை வருடமும் நம்பவில்லை. மாமனார் போன பிறகு பாலவாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறார். நாங்கள் போவோம், காபி கொடுப்பார், வெயில் அதிகம் என்பார், நானும் ஆமாம் அத்தை என்பேன். அதோடு எங்கள் பேச்சு தீர்ந்துவிடும். அந்தப் போர்வையை நான் அவர் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. வேலைக்காரிக்குக் கொடுத்திருப்பார் என்றே நினைத்திருந்தேன்.

கணவரிடம் நேராகக் கேட்டேன். என் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்தீர்களே, அதிலிருந்து என் கணக்கை நீக்கினீர்களா? எங்கள் வீட்டில் புதுப் போன் வாங்கினால் பழையது பாலவாக்கத்துக்குப் போவது வழக்கம். அவர் தலையைச் சொறிந்தார். வாட்ஸ்அப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தாராம், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாராம். ஊர் உலகத்துக்கெல்லாம் பாதுகாப்புச் செய்து கொடுக்கிற கம்பெனியில் வேலை செய்கிறவர். என் போனில் நான் எடுத்த ஒவ்வொன்றும் அந்தப் போனிலும் போய் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

கிளம்பும்போது கொதித்துக்கொண்டுதான் கிளம்பினேன். ஆட்டோவில் ஈசிஆர் முழுக்க என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கினேன். என் படத்தைத் தொட நீங்கள் யார், என்னைக் கேலி செய்ய எவ்வளவு நாளாக ஆசை, இப்படி. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் சட்டென்று முகம் மலர்ந்து, பிறகு அது கூடாது என்பதுபோல் அடக்கிக்கொண்டார்.

"வா. ஆத்துல நான் மட்டும்தான். கோவம் தீர்ந்துதா?"

என்ன கோபம் என்று கேட்டேன். உட்காரச் சொல்லிவிட்டு, அவர் நின்றுகொண்டே பேசினார்.

"நாலஞ்சு நாளா நீ ஒண்ணுமே அனுப்பல. நான்தான் அதிகப்படியா ஏதோ எழுதிட்டேனோன்னு நெனச்சுண்டிருந்தேன். அந்தப் புடவை விஷயம் எழுதியிருக்கப் படாதோ?"

அவர் விஷயத்தைத் துண்டு துண்டாகச் சொன்னார். போன் கைக்கு வந்த மறுநாளிலிருந்தே படங்கள் வர ஆரம்பித்தனவாம். மருமகள் வாய் திறக்க மாட்டாள், அதனால் இப்படிப் பேசுகிறாள் என்று புரிந்துகொண்டாராம். மளிகை பில், மருந்துச் சீட்டு இதெல்லாம்கூட வருமாம். கை தவறி அனுப்பியிருப்பாள் என்று விட்டுவிடுவாராம். எதிர் ஃப்ளாட் பெண் கச்சேரி வீடியோ பார்ப்பதற்காக இன்ஸ்டாகிராம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். படத்தை அதில் போட்டு, கீழே பதில் எழுதினால் என்னிடம் வந்து சேரும் என்று நினைத்திருக்கிறார். ஆரம்பத்தில் சேர்ந்ததா என்று தெரியாமல் இருந்ததாம். ஒருநாள் என் பெயர் அங்கே வந்து சேர்ந்ததைப் பார்த்ததும்தான் நிம்மதியாம்.

"மத்தவாளெல்லாம் யாரு? லைக் போட்டுண்டே இருக்காளே. உன் சிநேகிதாள்னு நெனச்சுண்டேன்" என்றார்.

ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் தலையை ஆட்டினேன். அந்த கேட்டுப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டி, இந்தக் கம்பி இல்லாததை எப்படிக் கவனித்தீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே விசாரணை மாதிரிதான் கேட்டது. அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். அதைக் காட்டத்தானே நீ அனுப்பினாய் என்றார்.

பிறகு, யாரோ பரிசு கொடுத்ததைச் சொல்கிறவர் போல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உனக்குப் பிடிச்ச வரிக்கெல்லாம் சிவப்புல வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவியோல்லியோ, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்ததை அந்த மாதிரியே எழுதப் பார்ப்பேன். எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல பாரு."

அடுக்கி வைத்திருந்த கேள்விகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அழுகை வந்தது, அதை அங்கே அழ முடியாது. நான் சாட்சி சேர்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மனுஷி அதைப் பாராட்டாக வாங்கிக்கொண்டு, இன்னும் நன்றாக எழுதப் பிரயத்தனப்பட்டிருக்கிறார். என் வாழ்க்கையில் பாராட்டை இவ்வளவு நம்பின ஆளை நான் பார்த்ததில்லை.

ஆனால் அட்டை அப்படியேதான் நின்றுகொண்டிருந்தது. அவர் ஒரு வரி எழுதினால் அது நகரும். நான் எதையும் அனுப்பவில்லை, போன் செய்த கோளாறு என்று சொல்லி, நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்வதுதான் முறை. அதுதான் உண்மை, எனக்கு உண்மைதான் எப்போதும் வேண்டியிருந்தது. ஆனாலும், அத்தை, இந்தப் படங்கள் யார் எடுத்தவை என்று ஒரு வரி போட முடியுமா, வேலைக்கு வேண்டியிருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் வெகுநேரம் அடித்தார். நடுவில் ஒரு முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். முடித்ததும் என்னிடம் நீட்டினார்.

'இந்தப் படங்கள் எல்லாம் என் மாட்டுப்பெண் எனக்காக எடுத்து அனுப்பியவை.'

"தப்பு ஏதாவது இருந்தா சொல்லு, திருத்திடறேன்."

அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பதை நான் தொழில் மாதிரியே செய்துவந்திருக்கிறேன். அந்த வரியை மூச்சு விடாமல் இரண்டு தடவை படித்தேன்.

"ஒரு தப்பும் இல்ல அத்தை. போடுங்க."

போட்டுவிட்டு, போனை சோபாவிலேயே வைத்துவிட்டு, காபி கலக்க உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் அந்தப் போனில் என் கணக்கை மறுபடி திறந்துவிட வேண்டும். எடுத்தேன். புதிய கடவுச்சொல்லைக் கேட்டது. அதை மாற்றின அன்றைக்கு, முகம் தெரியாத அந்தத் திருடனை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து ஒரு வசவைத்தான் கடவுச்சொல்லாக வைத்திருந்தேன். நாசமாய்ப் போ என்று. அவர் வீட்டில், அவர் சோபாவில் உட்கார்ந்து, அவர் போனில் அதை எழுத்து எழுத்தாக அடித்தேன். அவசரத்தில் முதல் தடவை தப்பாகப் போனது. மறுபடியும் அடித்தேன். உள்ளே டபராவில் ஆற்றுகிற சத்தம் கேட்டது, படங்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன.